சக்கரச் செலவு – 12: கண்ணாடியில் ஒட்டாத மைலேஜ்

அமெரிக்க ஷோரூமில் புது வண்டிகளின் ஜன்னல் கண்ணாடியில் ஒரு தாள் ஒட்டியிருக்கும். நகரத்துக்குள் ஒரு கேலனுக்கு எத்தனை மைல், நெடுஞ்சாலையில் எத்தனை, வருடத்துக்கு எரிபொருள் செலவு எத்தனை டாலர் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் கணக்கு அதில் அச்சாகியிருக்கும். "எவ்வளவு கொடுக்கும்?" என்று விற்பனையாளரைக் கேட்கவே வேண்டாம். ஃபோர்டு எஃப்-150இல் அந்தத் தாள் உண்டு. அதே வரிசையில் நான்கு வண்டி தள்ளி நிற்கும் எஃப்-250இல் விலை, இன்ஜின், சீட் துணி வரை எல்லாம் எழுதியிருப்பார்கள், மைலேஜ் மட்டும் இருக்காது. மறைக்கிறார்கள் என்று சொல்ல முடியாது. சட்டம் கேட்கவில்லை, அவர்கள் சொல்லவில்லை.

சட்டம் பார்ப்பது எடையை. வண்டி, ஆட்கள், லோடு எல்லாம் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக்கூடாது என்று கம்பெனி ஒரு வரம்பு குறிக்கும். நம் ஊர் லாரியின் பக்கவாட்டில் ஆர்.எல்.டபிள்யூ. என்று பெயின்ட்டில் எழுதியிருக்குமே, அதுபோல. அந்த வரம்பு 8,500 பவுண்டுக்குள், அதாவது சுமார் 3,850 கிலோவுக்குள் இருந்தால் லைட் டியூட்டி. தாண்டினால் ஹெவி டியூட்டி. எஃப்-150, சில்வராடோ 1500, ராம் 1500 எல்லாம் முதல் ரகம். பேச்சு வழக்கில் 'அரை டன்' வண்டி. 250, 2500 என்று முடிபவை 'முக்கால் டன்', 350, 3500 எல்லாம் 'ஒரு டன்'. இந்த டன் கணக்கு தாத்தா காலத்தது. இன்றைய அரை டன் வண்டியே முக்கால் டன்னைச் சாதாரணமாக ஏற்றிக்கொண்டு போகும்.

இந்த எடைக் கோட்டைப் பார்த்து வண்டியைச் செய்யும் பழக்கமும் பழசுதான். 1975 மாடல் கார்களிலும் சிறிய பிக்கப்களிலும் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் வந்தது. அதற்கு ஈயம் கலக்காத பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும். அப்போது கோடு 6,000 பவுண்டில் இருந்தது. எஃப்-100க்கும் எஃப்-250க்கும் நடுவே, 6,000த்தைக் கொஞ்சம் தாண்டும்படி ஃபோர்டு ஒரு மாடலைச் செருகியது. அதுதான் எஃப்-150. விதியிலிருந்து நழுவப் பிறந்த வண்டி, பிறகு அந்த நாட்டின் அடையாளமே ஆகிவிட்டது. சில வருடங்களில் அரசு கோட்டை 8,500க்கு நகர்த்தியது. எஃப்-150 உள்ளே மாட்டிக்கொண்டது. அதன் அண்ணன்கள் வெளியிலேயே நின்றார்கள்.

வெளியே நின்றவர்களுக்கு எரிபொருள் விதி வந்தது 2014 மாடலில்தான். அதிலும் ஒரு வேடிக்கை. எவ்வளவு சுமக்கும் என்பதற்கு முக்கால் பங்கு, எவ்வளவு இழுக்கும் என்பதற்குக் கால் பங்கு என்று கணக்குப் போட்டு, அந்த எண் பெரிதாக ஆக அனுமதிக்கப்பட்ட எரிபொருள் அளவும் பெரிதாகும்படி வைத்தார்கள். உழைக்கிற வண்டிக்குக் கூடுதல் தீனி என்பது நியாயம்தான். ஆனால் காகிதத்தில் சுமைதிறனைக் கூட்டினால் விதி தளரும் என்றால், எந்தக் கம்பெனிக்குச் சுமைதிறனைக் குறைக்க மனம் வரும்? ஷோரூம் தாள் மட்டும் அப்போதும் வரவில்லை.

சரி, எண்களுக்கு வருவோம். 2021 எஃப்-150இல் 2.7 லிட்டர் டர்போ பெட்ரோல் இன்ஜின், பின்சக்கர இழுவை: நகரத்தில் 20, நெடுஞ்சாலையில் 26, சராசரி 22 மைல். நம் கணக்கில் லிட்டருக்கு 9.4 கிலோமீட்டர். ஹெவி டியூட்டிக்கு அரசு எண் இல்லாததால் ஒரு மதிப்பீடு வைத்துக்கொள்வோம்: வெறும் வண்டியாக ஓட்டினால் பெட்ரோலில் 12 மைல், டீசலில் 15 மைல். லிட்டருக்கு ஐந்தும் ஆறரையும். வருட ஓட்டம் 15,000 மைல். பெட்ரோல் கேலன் 3.15 டாலர், டீசல் 3.75 டாலர் என்று வைப்போம். இந்த விலைகள் வாரத்துக்கு வாரம் மாறும். ஆனால் அங்கே பெட்ரோலைவிட டீசல்தான் பெரும்பாலும் விலை கூட என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். மத்திய வரியிலேயே பெட்ரோலுக்கு கேலனுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட். டீசல் என்றாலே மலிவு என்ற நம் பழைய பழக்கம் அந்த ஊரில் செல்லாது.

அரை டன் வண்டிக்கு வருடத்துக்கு 682 கேலன், ஏறக்குறைய 2,150 டாலர். ஹெவி டியூட்டி பெட்ரோலுக்கு 1,250 கேலன், 3,940 டாலர். ஹெவி டியூட்டி டீசலுக்கு 1,000 கேலன், 3,750 டாலர். வீட்டுக்கும் ஆபீஸுக்கும் ஓடுகிறவர் முக்கால் டன் வண்டி வைத்திருந்தால் எரிபொருளில் மட்டும் வருடத்துக்கு 1,600 டாலருக்கு மேல் கூடுதல்.

12க்கும் 15க்கும் மூன்று மைல்தானே வித்தியாசம், 22இலிருந்து 25க்குப் போனாலும் அதே மூன்று மைல்தானே என்று தோன்றும். 2008இல் டியூக் பல்கலைக்கழகத்தின் ரிச்சர்டு லாரிக், ஜாக் சோல் இருவரும் 'சயின்ஸ்' இதழில் இந்த மயக்கத்தைத்தான் எடுத்துக்காட்டினார்கள். நம் கிலோமீட்டர் கணக்கிலும் அதே ஏமாற்றுதான். 10,000 கிலோமீட்டர் ஓட்டத்தில் லிட்டருக்கு 4 கொடுத்த வண்டி 5 கொடுத்தால் 500 லிட்டர் மிச்சம். 10 கொடுத்தது 12.5 கொடுத்தால் மிச்சம் 200 லிட்டர்தான். மைலேஜ் மோசமான வண்டியில்தான் ஒவ்வொரு மைலும் பணம். அப்படிப்பட்ட வண்டிகளுக்கே தாள் ஒட்டாமல் விட்டிருக்கிறார்கள்.

இனி டீசல். ஹெவி டியூட்டி வாங்கப் போகிறவரிடம் எல்லோரும் சொல்வது, "டீசல் எடு, ஓட ஓடக் காசு திரும்பிவிடும்" என்பது. மேலே போட்ட கணக்கில் பெட்ரோலைவிட டீசல் மிச்சப்படுத்தியது 190 டாலர். டீசல் இன்ஜினுக்காகக் கூடுதலாகக் கொடுக்கும் விலை சுமார் 10,000 டாலர். 190இலும் முழுசாகக் கையில் நிற்காது. புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்க யூரியா கரைசல் ஊற்ற வேண்டும். நூற்றுக்கு 32.5 பங்கு யூரியா, மீதி சுத்தமான நீர். டீசலில் இரண்டு மூன்று சதவீத அளவுக்கு இது செலவாகும். வருடத்துக்கு நூறு டாலர் என்று வைத்தால் மிச்சம் 90. பத்தாயிரத்தைத் திருப்ப நூறு வருடம் தாண்டும்.

பாரம் இழுத்தால் கணக்கு கொஞ்சம் டீசல் பக்கம் சாயும். பெரிய ட்ரெய்லரோடு பெட்ரோல் வண்டி ஏழரைக்கு இறங்கினால் டீசல் பத்தரையில் நிற்கும் என்று கொள்வோம். வருடம் முழுக்க இப்படியே இழுத்தாலும் எரிபொருளில் மிச்சம் 940 டாலர். முதல் போட்டது திரும்ப அப்போதும் பத்து வருடத்துக்கு மேல். மறுவிற்பனையில் டீசலுக்கு நல்ல விலை கிடைக்கிறது, அது உண்மை. டீசல் எடுப்பவரைக் காப்பாற்றுவது அந்த மறுவிற்பனை விலைதான்.

பராமரிப்புக்கு வந்தால், ஃபோர்டின் 6.7 லிட்டர் டீசலுக்கு ஒருமுறை ஆயில் மாற்ற 13 குவார்ட், அதாவது 12 லிட்டருக்கு மேல். 2.7 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு அதில் பாதிகூட வேண்டாம். டீசல் ஃபில்டர்கள் தனி. அதிக அழுத்தத்தில் டீசலைத் தள்ளும் பம்ப் உடைந்து, உலோகத் துகள் இன்ஜெக்டர் வரை போய்விட்டால் பில்லில் ஆயிரங்கள் வரும். டயர் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. தடித்த டயர், விலை கூட. பின்னால் இரட்டைச் சக்கரம் வைத்த ஒரு டன் வண்டி என்றால் நான்குக்குப் பதில் ஆறு வாங்க வேண்டும்.

கொஞ்சம் நின்று பார்க்க வேண்டியது கரித்தூள் ஃபில்டரை. டீசல் புகையின் கரி இதில் சேரும். நிறைந்ததும் கம்ப்யூட்டர் கூடுதல் டீசலைச் செலவழித்து, புகைப்பாதையைச் சுமார் 600 டிகிரி செல்சியஸுக்குச் சூடாக்கி, கரியை எரித்துவிடும். நெடுஞ்சாலையில் அரைமணி நேரம் ஓடுகிறவர் இதைக் கவனிக்கக்கூட மாட்டார். பள்ளிக்கூடம், மளிகைக்கடை, வீடு என்று பத்துப் பத்து நிமிடம் ஓட்டினால் எரிப்பு பாதியில் நிற்கும். அடுத்த முறை மறுபடி தொடங்கும், மறுபடி நிற்கும். ஒவ்வொரு முறையும் டீசல் வீண். சில இன்ஜின்களில் அந்த டீசல் சிலிண்டர் சுவர் வழியாக வழிந்து ஆயிலில் கலந்து, ஆயிலும் நீர்த்துப்போகும். இந்த வண்டிக்கு ஊருக்குள் சும்மா சுற்றுவதுதான் ஆகாது.

இந்தத் தலைவலியிலிருந்து தப்பிக்கச் சிலர் ஃபில்டரையே வெட்டி எறிந்துவிட்டு, கம்ப்யூட்டருக்கு வேறு நிரல் ஏற்றிவிடுகிறார்கள். அது சட்ட விரோதம். பத்து வருடத்தில் 5,50,000க்கும் மேற்பட்ட டீசல் பிக்கப்களில் இப்படிப் புகைக்கட்டுப்பாட்டைப் பிடுங்கியிருக்கிறார்கள் என்று சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020இல் அறிக்கை விட்டது. மைலேஜ் கூடுகிறது என்று அவர்கள் சொல்வதில் உண்மை இருக்கலாம். புகையைத் தின்கிறவர்கள் பின்னால் வருகிற வண்டிக்காரர்கள் என்பதால் அந்தச் செலவு யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

இத்தனைக்குப் பிறகும் ஏன் வாங்குகிறார்கள்? கெத்து ஒரு காரணம், அதற்கு விளக்கம் தேவையில்லை. வரி இன்னொன்று. தொழிலுக்கென்று வாங்கும் வண்டியின் விலையை முதல் வருடமே செலவாகக் கழிக்க ஒரு வரிச்சட்டப் பிரிவு உண்டு. பெரிய எஸ்.யூ.வி.களை வாங்கி இதைத் துஷ்பிரயோகம் செய்தார்கள் என்பதால் 2004இல் அவற்றுக்கு 25,000 டாலர் உச்சவரம்பு போட்டார்கள். பின்னால் ஆறு அடி நீளப் பெட்டி இருந்தால் அந்த வரம்பு பொருந்தாது. நான்கு கதவு வைத்த எஃப்-150 பெரும்பாலும் ஐந்தரை அடிப் பெட்டியோடுதான் விற்கிறது. எஃப்-250இன் பெட்டி ஆறே முக்கால் அடியில்தான் தொடங்கும். ஆடிட்டர் ஒருவர் பக்கத்தில் இருந்தால் எது மலிவு என்பது வேறு மாதிரித் தெரியும்.

நியாயமான காரணம் ஒன்றும் இருக்கிறது, அது டிரைவர் கதவைத் திறந்தால் கண்ணில் படும். கதவுத் தூணில், டயர் காற்றளவு எழுதிய சின்ன ஸ்டிக்கரில், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டைத் தாண்டக்கூடாது என்று போட்டிருக்கும். ஓர் எஃப்-150இல் அது 1,700 என்று வையுங்கள். விளம்பரத்தில் இதே வண்டி 10,000 பவுண்டுக்கு மேல் இழுக்கும் என்பார்கள், இழுக்கவும் செய்யும். ஆனால் 10,000 பவுண்டு ட்ரெய்லர் தன் எடையில் பத்து முதல் பதினைந்து சதவீதத்தை வண்டியின் பின்பக்கத்தில் இறக்கும். 1,200 பவுண்டு அங்கே போயிற்று. அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள் 600. ஐஸ் பெட்டி, கூடாரம், ஒரு நாய் என்று இன்னொரு 200. மொத்தம் 2,000. இன்ஜின் முனகாது, ஏற்றத்தில் திணறாது. ஆனால் பின் ஆக்சிலும் டயரும் தங்கள் வரம்பைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கும். இறக்கத்தில் பிரேக் போடும்போதுதான் அது தெரியும். வாரா வாரம் இப்படி இழுப்பவருக்கு முக்கால் டன் வண்டிதான் சரி. வருடத்தில் ஒருமுறை என்றால், அந்த ஒரு வாரத்துக்கு வாடகைக்கு எடுப்பதே மலிவு.

முக்கால் டன்னில் டீசல் எடுப்பவர்கள் அதே கதவுத் தூணை மறுபடி ஒருமுறை பார்ப்பது நல்லது. டீசல் இன்ஜின் பெட்ரோல் இன்ஜினைவிடப் பல நூறு பவுண்டு கனம். பல முக்கால் டன் வண்டிகளுக்கு மொத்த எடை வரம்பு 10,000 பவுண்டில் நிற்கும். இன்ஜின் கூடுதலாகத் தின்னும் எடையைச் சாமானில்தான் கழிக்க வேண்டும். பத்தாயிரம் டாலர் கூடக் கொடுத்தவர், கொடுக்காதவரைவிடக் குறைவாகத்தான் ஏற்ற முடியும். 2020இல் ஃபோர்டு இந்த வரிசையில் 7.3 லிட்டர் பெட்ரோல் வி8 ஒன்றைக் கொண்டுவந்தபோது, இந்தக் காலத்தில் இத்தனை பெரிய பெட்ரோல் இன்ஜினா என்று சிரித்தவர்கள் உண்டு. இரும்பு வார்ப்பு, டர்போ கிடையாது, பழைய பாணி தள்ளுகோல் வால்வு. கம்பெனிக் கணக்கில் பத்து இருபது வண்டிகள் வாங்குகிறவர்களை மனதில் வைத்துச் செய்த இன்ஜின் அது. கேலனுக்குக் குறைவாகத்தான் ஓடும். ஆனால் யூரியா வேண்டாம், கரித்தூள் ஃபில்டர் இல்லை, ஏணியும் குழாயும் கூடுதலாக ஏற்றலாம்.

(தொடரும்)