இருப்பது வேறு, இயங்குவது வேறு

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் பிலிருபின் சற்று மிகுந்திருப்பதைக் கண்டு கலங்கி வருவோரை நாங்கள் அடிக்கடி சந்திக்கிறோம். கல்லீரலில் நச்சகற்றும் நொதியொன்று சிலருக்குக் குறைவாகச் சுரப்பதே காரணம் என்று விளக்கும்போது, “அந்த நொதியைக் கண்டறியும் எதிர்ப்பொருள் ஆய்வகங்களில் உண்டாமே, அதைக் கொண்டு எங்களுக்குச் சோதித்துப் பார்க்கக் கூடாதா?” என்று சிலர் வினவுகின்றனர். நியாயமான கேள்வி. அதற்கான விடை, உங்கள் சிகிச்சையைப் பற்றிய தெளிவையும் தரக்கூடியது.

நொதியின் பணி

நம் சிவப்பணுக்கள் ஏறத்தாழ 120 நாட்கள் வாழ்ந்து சிதைகின்றன. அச்சிதைவில் தோன்றும் மஞ்சள் நிறப் பொருளே பிலிருபின். அது நீரில் கரையாது. ஆகவே தானாக வெளியேற இயலாது. கல்லீரல் உயிரணுக்களில் உள்ள யுஜிடி1ஏ1 என்னும் நொதி, குளுக்குரோனிக் அமிலத்தை அதனுடன் இணைத்து, கரையும் பொருளாக்கிப் பித்தநீருக்கு அனுப்புகிறது. பெருங்குடல் புற்றுநோய்க்கு வழங்கப்படும் இரினோடெகான் மருந்தின் வீரியமிக்க வடிவத்தைச் செயலிழக்கச் செய்து வெளியேற்றுவதும் இதே நொதிதான்.

எதிர்ப்பொருள் காட்டுவது

அந்நியப் புரதத்தைக் கண்டதும் அதைப் பற்றிக்கொள்ள உடல் உருவாக்கும் காவற்பொருளே எதிர்ப்பொருள். மனித நொதியின் ஒரு பகுதியை முயலுக்கோ சுண்டெலிக்கோ செலுத்தினால், அவ்விலங்கு அதற்கெதிரான எதிர்ப்பொருளை உண்டாக்கும். அதைப் பிரித்தெடுத்து, கல்லீரல் திசுவின் மெல்லிய சீவல்மீது இட்டு நிறமேற்றினால், நொதி உள்ள இடங்கள் பழுப்பாகத் தெரியும். திசுவின் புரதங்களை அளவுவாரியாகப் பிரித்து ஒரு தாளுக்கு மாற்றிச் சோதித்தால், நொதி ஒரு கோடாகத் தோன்றும்.

இங்கே ஓர் இடர் உண்டு. யுஜிடி1ஏ குடும்பத்தில் மனிதருக்கு ஒன்பது நொதிகள் உள்ளன. அவற்றின் முற்பாதி வெவ்வேறு. பிற்பாதியோ ஒன்பதிற்கும் ஒன்றே. பிற்பாதியைப் பற்றும் எதிர்ப்பொருள் ஒன்பதையும் ஒருசேரக் காட்டிவிடும். யுஜிடி1ஏ1 ஒன்றை மட்டும் காண, அதற்கே உரிய முற்பாதியைப் பற்றும் எதிர்ப்பொருள் தேவை. அதுவும் உடன்பிறப்பு நொதிகளைத் தவறாகப் பற்றவில்லை என்று நிறுவப்பட வேண்டும். இத்தகைய எதிர்ப்பொருட் குப்பிகளில் ‘ஆராய்ச்சிப் பயன்பாட்டிற்கு மட்டும்’ என்று அச்சிட்டிருப்பார்கள். நோயறியும் சோதனைக்கு வேண்டிய ஒப்புதலை அவை பெறவில்லை என்பதே அதன் பொருள்.

இருப்பும் இயக்கமும்

இதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. நொதி இருக்கிறது என்பதை எதிர்ப்பொருள் சொல்லும். அது வேலை செய்கிறதா என்பதைச் சொல்லாது. பிறவியிலேயே கடும் மஞ்சள் காமாலையை உண்டாக்கும் கிரிக்ளர்–நஜ்ஜார் நோயில், சிலருக்கு நொதி முழுமையாக உருவாவதே இல்லை. வேறு சிலருக்கு அது உருவாகியும் வடிவப் பிழையால் இயங்குவதில்லை. பின்னவரின் திசுவில் எதிர்ப்பொருள் நொதியைக் காட்டலாம். ஆயினும் பிலிருபின் உடலிலேயே தேங்கும்.

ஜில்பெர்ட் நிலையில் நடப்பது வேறு. இதனை 1901இல் பிரெஞ்சு மருத்துவர் ஒகுஸ்தேன் ஜில்பெர்ட் விவரித்தார். இதில் நொதியின் வடிவம் பெரும்பாலும் சரியாகவே இருக்கும். உற்பத்தியைத் தூண்டும் மரபணுப் பகுதியில் வழக்கமாக 6 முறை வரும் ஈரெழுத்துத் தொடர் 7 முறை வருவதால், நொதியின் அளவு குறைகிறது. இந்தியரிடையே இது அரிதன்று. பட்டினி, காய்ச்சல், உறக்கமின்மை ஆகிய வேளைகளில் கண்கள் இலேசாக மஞ்சளிக்கும், கல்லீரலுக்குக் கேடில்லை, சிகிச்சையும் வேண்டியதில்லை.

உங்களுக்குப் பயன்படுவது

எதிர்ப்பொருட் சோதனைக்குக் கல்லீரல் திசு வேண்டும். அதற்காக ஊசி குத்தித் திசு எடுப்பது தேவையற்ற இடர். நொதி எவ்வளவு வேலை செய்கிறது என்பதை இரத்தத்தின் பிலிருபின் அளவே பெரிதும் உணர்த்திவிடும். தேவைப்பட்டால், சிறிதளவு இரத்தத்திலிருந்து மரபணுச் சோதனையும் செய்யலாம். இரினோடெகான் தொடங்கவிருப்போருக்கு இது பொருளுடையது. இருபுறமும் 7 தொடர் பெற்றவர்களுக்கு வெள்ளணுக்கள் கடுமையாகக் குறையும் வாய்ப்பு அதிகம் என்பதால், தொடக்க அளவைக் குறைப்பது பற்றிய குறிப்பை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் மருந்துச் சீட்டில் சேர்த்தது. ஆகவே, உங்கள் மருந்தளவு குறைக்கப்பட்டால் சிகிச்சை கைவிடப்பட்டதாக எண்ண வேண்டாம். உங்கள் உடலுக்கேற்ப அளந்து தருகிறோம் என்றே கொள்ளுங்கள்.

உங்களிடம் மூன்று வேண்டுகோள்கள்:

முன்பே ஜில்பெர்ட் நிலை என்று கூறப்பட்டிருந்தால், புற்றுநோய் மருந்து தொடங்குமுன் மருத்துவரிடம் அதைத் தெரிவியுங்கள்.

இரினோடெகான் பெறும் காலத்தில் வயிற்றுப்போக்கோ, 100.4 டிகிரி அளவிலான காய்ச்சலோ கண்டால், மறுநாள் பார்க்கலாம் என்று காத்திராமல் உடனே அழையுங்கள்.

மஞ்சளித்த கண்களுடன் சிறுநீர் அடர்நிறமாதல், மலம் வெளுத்தல், அரிப்பு ஆகியன இருந்தால் அது ஜில்பெர்ட் நிலையன்று, தாமதியாமல் வாருங்கள். பிறந்த முதல் நாளிலேயே குழந்தை மஞ்சளித்தாலும் அவ்வாறே.

அறுவையில் அகற்றிய திசுவை ஆய்வுக்கு அளிக்க இசைவு கேட்கப்படும்போது, விரும்பினால் அளியுங்கள். மறுப்பதும் உங்கள் உரிமை, சிகிச்சையில் வேறுபாடு இராது. அந்த எதிர்ப்பொருளுக்கு உரிய இடம் ஆய்வகமே. அங்கு அது காட்டும் பழுப்பு நிறம் உங்கள் அறிக்கையில் இடம்பெறாது. ஆனால், நாளை இதே நோயோடு வருவோருக்கு மருந்தை இன்னும் சரியாக அளக்க அது உதவக்கூடும்.