உங்களுக்குத் தெரியுமா? ஓட்டையை அடைத்த கப்பல் பாய்

1770 ஜூன் 11 இரவு, ஜேம்ஸ் குக்கின் ‘எண்டெவர்’ கப்பல் ஆஸ்திரேலியாவின் கிரேட் பேரியர் ரீஃப் பவளத்திட்டில் மோதிச் சிக்கியது. ஆறு பீரங்கிகள் உட்பட 40 டன்னுக்கும் மேற்பட்ட பாரத்தைக் கடலில் தள்ளிய பிறகே, மறுநாள் இரவு கப்பல் மீண்டும் மிதந்தது. ஆனால் அடிப்பலகையில் ஓட்டை!

இளம் மாலுமி ஜோனதன் மங்க்ஹவுஸ் தானறிந்த ஓர் உத்தியைச் சொன்னார். பழைய கயிற்று நாரையும் கம்பளி மயிரையும் பொடியாக நறுக்கி, ஒரு பாயின் மேல் அப்பினார்கள். அதன்மேல் ஆட்டுப் புழுக்கையைத் தூவினார்கள். அந்தப் பாயைக் கயிறு கட்டிக் கப்பலின் அடியில் இழுத்தார்கள். உள்ளே பாய்ந்த தண்ணீரே நாரையும் மயிரையும் இழுத்து ஓட்டையில் திணித்தது. அதன்பின் ஒரே பம்பால் நீரைச் சமாளிக்க முடிந்தது.

கரையேற்றிப் பார்த்தபோது, உடைந்த பவளத் துண்டு ஒன்றும் ஓட்டையை அடைத்திருந்தது தெரிந்தது!

ஏன் வெளிப்பக்க ஒட்டு? உள்ளிருந்து அடைத்தால் நீரின் அழுத்தம் அதைத் தள்ளிவிடப் பார்க்கும். வெளியிலிருந்து அடைத்தால் அதே அழுத்தம் ஒட்டை இறுக்கிப் பிடிக்கும். நடுக்கடலில் படகு ஓட்டையானால் இன்றும் கைகொடுக்கும் பாடம் இது.