பன்னிரண்டா, பதினாறா?

ஓமந்தை என்றதும் கண்டி வீதியில் வாகனத்தை விட்டிறங்கி, பொதிகளை அவிழ்த்துக் காட்டி நின்ற நாட்களே பலருக்கு நினைவில் எழும். நமக்கோ ஒரு பாக்குவெட்டி நினைவுக்கு வருகின்றது. பாக்குவெட்டியென்று நாம் முதலிற் கருதிய அப்பொருள் உண்மையில் ஈயக்குண்டு வார்க்கும் அச்சு. இரு கைப்பிடிகளையும் நெருக்கினால் இரு அரைக்கோளக் குழிகள் ஒன்று சேர்ந்து முழுக்கோளமாகும்.

அதைக் கொண்டுவந்தவன் நம் மாணவன். அவனுடைய பாட்டனார் ஓமந்தைக் காட்டோரத்தில் வயல் செய்தவர். பன்றிக் காவலுக்கு இடியன் துவக்கு வைத்திருந்தார். வாய்வழியே மருந்தையும் குண்டையும் இட்டுக் கோலால் இடித்து இறுக்குவதால் அதற்கு அப்பெயர். போர்க்காலத்தில் துவக்குப் போய்விட்டது. அச்சு மட்டும் மிஞ்சிற்று. துவக்குப் 'பன்னிரண்டு' என்பது கிழவரின் சாதனை. அச்சைக்கொண்டு அதை மெய்ப்பிக்க முடியுமா என்பது பேரனின் வினா.

வினா நன்று. ஆனால் மற்றக் கையில் ஒரு பால்மாப் பேணியும் இருந்தது. அதனுள் காணியிற் பொறுக்கிய பழைய சன்னங்கள்! அவற்றை உருக்கி அச்சில் வார்த்துப் பார்க்கலாம் என்றான். நம் நெஞ்சு ஒரு கணம் நின்றது. வெடித்ததும் வெடியாததும் பேணிக்குள் ஒன்றுபோலவே கிடக்கும். சிலவற்றின் உள்ளே ஈயத்தோடு தீப்பற்றும் மருந்தும் உண்டு. அவை அடுப்புக்குரிய பொருள்களல்ல. வன்னி மண்ணிற் கிடக்கும் எதனையும் கையால் தொடாது, உரியவர்களுக்கு அறிவிப்பதே முறை. பேணியை அசையாது மேசையில் வைக்கச் செய்து, மாணவரை வெளியே அனுப்பிப் பொலிசாருக்குச் சொன்னோம். அன்றைய பாடம் அத்துடன் நின்றது. இது நிற்க, ஈயத்தை உருக்குவதே தீங்குடைய தொழில்; அதன் ஆவியும் தூசியும் உடலிற் சேரும், சிறுவர்க்கு மூளையையே கெடுக்கும்.

மறுவாரம் அச்சை மட்டும் எடுத்துக்கொண்டோம். வார்க்காமலே அளக்கலாமே!

பன்னிரண்டு என்பது எதன் கணக்கு? அங்குலமும் அன்று, மில்லிமீற்றரும் அன்று. ஓர் இறாத்தல் ஈயத்தைப் பன்னிரண்டு சமகுண்டுகளாக வார்த்தால், அவற்றுள் ஒன்று எந்தக் குழலிற் சரியாகப் பொருந்துமோ அக்குழலே பன்னிரண்டு. எண் கூடக்கூடக் குழல் ஒடுங்கும். குழலின் உள்வாயை நுட்பமாக அளக்கக் கருவியில்லாத காலத்தில், தராசைக்கொண்டு விட்டத்தை அளந்த உபாயம் இது. பழைய பீரங்கிகளையும் ஆறு இறாத்தல், பன்னிரண்டு இறாத்தல் என்று குண்டின் நிறையாலேயே அழைத்தனர். 1803இல் பண்டாரவன்னியன் முல்லைத்தீவுக் கோட்டையிற் கைப்பற்றிய பீரங்கிகளைப் பற்றிப் படிக்கும் மாணவர் இதனையும் அறிந்திருத்தல் நலம்.

இறாத்தல் 453.6 கிராம். பன்னிரண்டில் ஒரு பங்கு 37.8 கிராம். ஈயத்தின் அடர்த்தி 11.34, எனவே கனவளவு 3.33 கன சென்ரிமீற்றர், விட்டம் 18.5 மில்லிமீற்றர். அவ்வாறே பதினாறுக்கு 16.8, இருபதுக்கு 15.6. குண்டின் எண்ணிக்கையை இரட்டித்து இருபத்துநான்காக்கினால் விட்டம் பாதியாகுமோ? ஆகாது, 14.7தான். நிறை விட்டத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறுவதால் இப்படி. பரீட்சைக்கு நிற்பவர்கள் இவ்விடத்தில் இடறுவது வழக்கம்.

வேணியர் இடுக்கியின் உட்தாடைகளை அச்சின் குழியில் வைத்துப் பலமுறை அளந்தோம். 16.3 மில்லிமீற்றர். அக்குண்டின் நிறை ஏறக்குறைய 25.7 கிராம், இறாத்தலுக்குப் பதினேழரை. ஈயம் ஆறும்போது சுருங்குதலின் வார்த்த குண்டு இதனினும் சற்றுச் சிறிதாகவே இருக்கும்.

பதினேழரை என்றொரு குழல் உண்டோ? இங்கேதான் நுட்பம். இடியனின் குண்டு குழலை நிறைத்தல் ஆகாது. கருமருந்து எரிந்த கசடு உள்ளே படிய, அடுத்த குண்டு பாதிவழியில் இறுகும். இறுகிய குண்டுக்கும் மருந்துக்கும் இடையே வெளி விட்டுச் சுட்டால் குழல் வெடித்துச் சுடுபவனையே மாய்க்கலாம். ஆங்கிலேயப் படையின் 'பிரவுண் பெஸ்' துவக்கிற் குழல் 0.75 அங்குலம், குண்டோ 0.69தான். வேட்டைக்காரர் அவ்விடைவெளியைத் துணித்துண்டாற் சுற்றி அடைத்தனர். பின்வந்த என்பீல்ட் துவக்கின் குழல் 0.577 அங்குலம். 0.568 அங்குலக் குண்டு இந்திய வெயிலிலும் கசடிலும் இறுகவே, 0.55 ஆகக் குறைத்தார்கள். அக்குண்டு எளிதில் இறங்கப் பூசிய கொழுப்புப் பற்றிய ஐயம் 1857இல் என்ன செய்தது என்பதை வரலாற்று ஆசிரியரிடம் கேட்டறிக.

இக்காலத் துவக்குகளிலோ முறை தலைகீழ். குழலுள் முறுக்குவரிகள் உண்டு. வார்த்த ஈயக்குண்டு வரியின் அடிவிட்டத்தினும் அங்குலத்தின் ஆயிரத்திலொரு பங்கு பெரிதாக இருத்தல் வேண்டுமென்பர். வரிகள் ஐந்தாயின் மேட்டுக்கு எதிரே பள்ளம் வரும். சாதாரண இடுக்கி அங்கே பொய் சொல்லும்.

நம் அச்சுக்கு வருவோம். பதினாறின் குழல் 16.8, குண்டு 16.3, இடையில் அரை மில்லிமீற்றர், மெல்லிய துணிக்குப் போதும். பன்னிரண்டாயின் இடைவெளி இரண்டு மில்லிமீற்றருக்கு மேல். குண்டு உள்ளே ஆடும். ஆகவே துவக்குப் பதினாறு என்றோம். இந்த அச்சு அந்தத் துவக்குக்கே உரியதாயின், என்று ஒரு நிபந்தனையும் சேர்த்தோம்.

விடையைச் சொல்ல நேரிற் சென்றபோது கிழவர் திண்ணையிலிருந்து கேட்டார். சினக்கவில்லை.

"மாஸ்ரர், அச்சு என்ர இல்லை, என்ர மாமன்ர. அவற்ர துவக்குச் சின்னன். என்ர பன்னிரண்டுதான்," என்றார்.

பேரன் நம்மைப் பார்த்தான். பிறகு அவர் கைநீட்டி அச்சை வாங்கி, கைப்பிடிகளை ஒருமுறை திறந்து மூடிப் பார்த்து, வெற்றிலைத் தட்டத்தின் அருகே வைத்துக்கொண்டார்.