ராஜினாமாவில் கையெழுத்துப் போடுமுன்

பத்திரிகை அலுவலகங்களில் ஆட்குறைப்பு என்ற சொல் தாளில் ஏறுவதே இல்லை. சாயங்காலம் ஹெச்.ஆர். அறைக்குக் கூப்பிடுவார்கள். ராஜினாமாக் கடிதம் அச்சாகித் தயாராக இருக்கும். "நீங்களாகப் போனால் அனுபவச் சான்றிதழ் நல்லபடியாக வரும்" என்று தன்மையாகச் சொல்வார்கள். பேனாவும் அவர்களுடையதுதான்.

அந்தக் கையெழுத்து என்ன விலை? ஓராண்டு தொடர்ந்து பணியாற்றியவரை நிர்வாகம் ஆட்குறைப்பு செய்தால் ஒரு மாத நோட்டீஸோ அதற்கான சம்பளமோ தர வேண்டும். முடித்த ஒவ்வோர் ஆண்டுக்கும் 15 நாள் சம்பளம் இழப்பீடு. மறுபயிற்சி நிதியாக இன்னொரு 15 நாள் சம்பளம். மாதம் 30,000 ரூபாய் வாங்கி 12 வருடம் உழைத்த உதவி ஆசிரியருக்கு இதெல்லாம் சேர்ந்து ஏறக்குறைய 2,25,000 ரூபாய் வரும். ஓராண்டுக்குள் அதே வேலைக்கு ஆளெடுத்தால் முதலில் அவரைத்தான் அழைக்க வேண்டும். 'சொந்தக் காரணங்களுக்காக விலகுகிறேன்' என்று எழுதிக்கொடுத்துவிட்டால் இவை எதையும் கேட்க முடியாது.

1955ஆம் ஆண்டின் உழைக்கும் பத்திரிகையாளர் சட்டம் நிருபருக்கு 3 மாதமும் ஆசிரியருக்கு 6 மாதமும் நோட்டீஸ் தந்தது. 2025 நவம்பர் 21 முதல் நடப்புக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகளில் அது ஒரு மாதமாகிவிட்டது. நஷ்டம்தான். ஆனால் பணிக்கொடைக்கு மற்றவர்களுக்கு 5 ஆண்டு என்றால் பத்திரிகையாளருக்கு 3 ஆண்டு போதும். ராஜினாமா செய்திருந்தாலும் உண்டு. பாக்கிச் சம்பளத்தை 2 வேலை நாளுக்குள் தர வேண்டும்.

ஆகவே, "வீட்டில் பேசிவிட்டுச் சொல்கிறேன்" என்று எழுந்து வந்துவிடுங்கள். நாற்காலியைப் பிடித்து யாரும் நிறுத்த முடியாது. கையெழுத்துப் போட்டாகிவிட்டதா? அன்றிரவே, வற்புறுத்தலால் போட்டது என்று நிர்வாகத்துக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். ஒரு மாதம் கழித்து எழுதினால் அதற்கு அவ்வளவு மதிப்பிருக்காது. பிறகு தொழிலாளர் துறையின் சமரச அலுவலரிடம் மனு கொடுங்கள். இதற்கு 2 ஆண்டுக் கெடு. "நீங்கள் மேனேஜர் கேடர், தொழிலாளி இல்லை" என்பார்கள். நிருபர், உதவி ஆசிரியர், புகைப்படக்காரர், பிழை திருத்துபவர் எல்லாருமே சட்டப்படி தொழிலாளர்கள்தான். விசிட்டிங் கார்டில் என்ன பதவி போட்டிருக்கிறது என்பதல்ல, என்ன வேலை பார்த்தீர்கள் என்பதுதான் கேள்வி.

பாவப்பட்டவர் தாலுகா நிருபர். நியமனக் கடிதம் கிடையாது, விளம்பரக் கமிஷன்தான் வருமானம். பகுதிநேரமானாலும், பத்திரிகைப் பணியே பிரதானத் தொழில் என்றால் அவரும் சட்டத்தின் வரையறைக்குள் வருவார். அடையாள அட்டை, வங்கியில் ஏறிய தொகை, டெஸ்க்கிலிருந்து வந்த வாட்ஸ்அப் உத்தரவு, பெயரோடு வந்த செய்தி நறுக்கு ஆகியவற்றைப் பத்திரமாக வைத்திருக்கட்டும். அலுவலக மின்னஞ்சல் முடங்கும் முன்பே நகல் எடுத்துக்கொள்வது நல்லது.

ஆட்குறைப்பு முற்றி உள்ளூர்ப் பதிப்பே நின்றுபோனால் வாசகருக்கும் இழப்பு உண்டு. 2013ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டப்படி, நிலம் எடுக்கும் முதல்நிலை அறிவிக்கை அந்த வட்டாரத்தில் புழங்கும் இரண்டு நாளிதழ்களில் வர வேண்டும். ஒன்று வட்டார மொழியில். அன்றிலிருந்து 60 நாளுக்குள் ஆட்சேபணை தெரிவிக்கலாம். டீக்கடையில் பேப்பர் போடுவது நின்றுபோன ஊரில் அந்தப் பொடி எழுத்தை யார் பார்ப்பார்கள்? அதே அறிவிக்கை ஊராட்சி அலுவலகத்திலும் தாலுகா அலுவலகத்திலும் வைக்கப்பட வேண்டும். வாரம் ஒருமுறை அந்தப் பலகைப் பக்கம் போய் வாருங்கள்.