பெருநாள் முடிந்த பிறகும் நோன்பா? விரும்பி வைக்கும் நோன்பும் அதற்குரிய நாள்களும்

சுங்கை பஞ்சாங் - நோன்புப் பெருநாள் முடிந்து ஒரு வாரம்கூட ஆகியிருக்காது. செம்பனைத் தோட்டத்திலோ நெல் வயலிலோ உடன் வேலை செய்யும் முஸ்லிம் நண்பரைப் பசியாற அழைத்தால், “புவாசா எனாம்” என்று சிரித்தபடி மறுப்பார். ‘நோன்புதான் முடிந்துவிட்டதே’ என்று கேட்கத் தோன்றும். மலாய்க்காரர்களோடும் இந்திய முஸ்லிம்களோடும் அக்கம்பக்கமாக வாழும் வட சிலாங்கூர் தமிழர்களில் பலருக்கு இந்தக் கேள்வி எழுந்திருக்கலாம்.

ரமலான் மாத நோன்பு ‘ஃபர்ளு’, அதாவது கட்டாயக் கடமை. அதற்கு அப்பால் ஆண்டு முழுவதும் விரும்பி வைக்கும் நோன்புகளும் உண்டு. தமிழ் முஸ்லிம்கள் இவற்றைச் சுன்னத்தான நோன்பு, நஃபில் நோன்பு என்பர். மலாயில் புவாசா சூனாட். வைத்தால் நன்மை; வைக்காவிட்டால் குற்றமில்லை.

கட்டுப்பாடு மட்டும் ரமலானில் உள்ளதேதான். இந்து விரதங்கள் பலவற்றில் பாலும் பழமும் எடுத்துக்கொள்ளலாம். இதில் வைகறை சுபுஹு நேரம் முதல் சூரியன் மறையும் மக்ரிப் வரை தண்ணீரும் கூடாது. நம் நாட்டில் அது ஏறக்குறைய 13 மணி நேரம்.

ஆறு நோன்பின் கணக்கு

ரமலானை அடுத்து வருவது ஷவ்வால் மாதம். அதன் முதல் நாள் பெருநாள். இரண்டாம் நாள் தொடங்கி மாதம் முடிவதற்குள் ஆறு நாள்கள் வைப்பதே ‘ஆறு நோன்பு’. ரமலானுடன் இந்த ஆறையும் சேர்த்து வைப்பவர் ஆண்டு முழுவதும் நோன்பிருந்தவரைப் போன்றவர் என்பது நபிகள் நாயகத்தின் போதனை.

ஒரு நற்செயலுக்குப் பத்து மடங்கு நன்மை என்ற நம்பிக்கையைக் கொண்டு அறிஞர்கள் இதற்குக் கணக்குச் சொல்வர். ரமலானின் 30 நாள்களுக்கு 300, ஷவ்வாலின் 6 நாள்களுக்கு 60, ஆக 360. ஆறையும் தொடர்ச்சியாக வைப்பது சிறப்பு என்று ஷாபி மத்ஹப் கூறுகிறது. விட்டுவிட்டு வைத்தாலும் செல்லும். பெருநாள் திறந்த இல்ல உபசரிப்புக்குப் போகவேண்டிய நாளை விட்டு, மற்ற நாள்களில் வைக்கலாம்.

கிழமையும் பிறையும்

வாரந்தோறும் நோன்புக்கு ஏற்ற நாள்கள் திங்களும் வியாழனும். நபிகள் நாயகம் பிறந்தது திங்கட்கிழமை. இவ்விரு நாள்களிலும் மனிதரின் செயல்கள் இறைவன் முன் வைக்கப்படுகின்றன என்பதும் முஸ்லிம்களின் நம்பிக்கை.

மாதந்தோறும் பிறை 13, 14, 15 ஆகிய மூன்று நாள்கள் உண்டு. இவற்றுக்கு ‘வெள்ளை நாள்கள்’ என்று பெயர். முழுநிலவால் இரவு வெளுத்திருக்கும் நாள்கள் என்பதே காரணம். தமிழர்கள் பௌர்ணமி விரதம் இருக்கும் நாளை ஒட்டியே இவையும் வரும்.

ஆண்டுக்கொருமுறை வருபவற்றில் முக்கியமானது அரஃபா நோன்பு. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் நாள், துல்ஹஜ் பிறை 9. ஹஜ் பயணிகள் அரஃபாத் திடலில் கூடி வழிபடும்போது, பயணம் போகாதவர்கள் ஊரில் நோன்பிருப்பர். அடுத்த மாதமான முஹர்ரம் பிறை 10 ஆஷூரா நாள். மூசா நபியும் அவர் மக்களும் ஃபிர்அவ்னிடமிருந்து மீட்கப்பட்டதை நினைவுகூரும் நோன்பு அது. பிறை 9-ஐயும் சேர்த்து வைப்பது சிறப்பு. அந்நாளில் மலாய்க் கம்பங்களில் புபோர் ஆஷூரா என்ற கஞ்சியைப் பெரிய சட்டியில் கிண்டிப் பகிர்ந்துகொள்வர்.

ஹிஜ்ரி ஆண்டு சுமார் 354 நாள்களைக் கொண்டது. அதனால் இந்த நாள்கள் நம் நாள்காட்டியில் ஆண்டுதோறும் 10, 11 நாள்கள் முன்னே வரும். அவற்றை முடிவுசெய்வதில் இந்த வட்டாரத்துக்கும் பங்குண்டு. நாடு முழுவதும் பிறை பார்க்கும் இடங்களில் கோல சிலாங்கூரின் புக்கிட் மெலாவாத்தியும், சபாக் பெர்ணமில் உள்ள சிலாங்கூர் வானாய்வகமும் அடங்கும். சுற்றுப்பயணிகள் குரங்குகளுக்குத் தீனி போடும் அதே குன்றில்தான் தொலைநோக்கியுடன் அதிகாரிகள் மேற்கு வானைப் பார்த்து நிற்பர்.

நாட்டுக்கு நாடு தேதி மாறுவதும் இதனால்தான். 2024-ல் சவூதியில் ஹஜ்ஜுப் பெருநாள் ஜூன் 16, மலேசியாவில் ஜூன் 17. இங்குள்ளவர்கள் இந்நாட்டுப் பிறைக் கணக்குப்படியே அரஃபா நோன்பு வைக்கிறார்கள்.

வைக்கக் கூடாத நாள்கள்

ஆண்டில் ஐந்து நாள்கள் எந்த நோன்பும் கூடாது. நோன்புப் பெருநாள், ஹஜ்ஜுப் பெருநாள், அதையடுத்த துல்ஹஜ் பிறை 11, 12, 13 ஆகியவை அவை. உண்டு மகிழ வேண்டிய நாளில் பட்டினி கிடப்பது பக்தியாகாது. துல்ஹஜ் மாதத்தில் மட்டும் ‘வெள்ளை நாள்கள்’ மூன்றில் 13-ஐ விட்டுவிட வேண்டியிருப்பதும் இதனால்தான்.

வெள்ளிக்கிழமை தமிழர்களுக்கு விரத நாள். ஆனால், வெள்ளியை மட்டும் தனியாகத் தேர்ந்து நோன்பு வைப்பதை ஷாபி மத்ஹப் விரும்பத்தகாதது என்கிறது. வியாழன் அல்லது சனியுடன் சேர்த்து வைத்தால் தடையில்லை.

கடன் இருந்தால்?

பெண்கள் அதிகம் கேட்கும் கேள்வி இது. மாதவிடாய், பிள்ளைப்பேறு நாள்களில் பெண்கள் நோன்பு வைக்கக் கூடாது. அப்படி ரமலானில் விடுபட்ட நாள்களைப் பிறகு வைத்துத் தீர்க்க வேண்டும். இது ‘களா’, மலாயில் புவாசா காந்தி. ஷவ்வால் பிறந்ததும் ஆறு நோன்பை முதலில் வைப்பதா, களாவை முதலில் தீர்ப்பதா?

களா ஒரு கடன். அதை முதலில் அடைப்பதே பாதுகாப்பு என்பது அறிஞர்களின் பொதுவான அறிவுரை. ஷவ்வாலில் களா நோன்பு வைப்பவருக்கு ஆறு நோன்பின் நன்மையும் கிடைக்கும் என்று ஷாபி அறிஞர்களில் ஒரு சாரார் கூறியிருக்கிறார்கள். தக்க காரணமின்றி அடுத்த ரமலான் வரை தள்ளிப்போட்டால், ஷாபி மத்ஹபின்படி களாவுடன் ‘ஃபித்யா’வும் சேரும். ஒரு நாளுக்கு ஓர் ஏழைக்குக் குறிப்பிட்ட அளவு உணவு கொடுப்பது அது. ஹனஃபி மத்ஹபில் தாமதத்துக்காக ஃபித்யா இல்லை. தமிழ் முஸ்லிம்களில் இரு மத்ஹபினரும் இருப்பதால், அவரவர் பள்ளிவாசல் இமாமிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

நிய்யத், அதாவது நோன்பு வைக்கும் எண்ணத்திலும் வேறுபாடு உண்டு. களாவுக்கு முதல்நாள் இரவே நிய்யத் வேண்டும். விரும்பி வைக்கும் நோன்புக்கு, சுபுஹு முதல் எதுவும் உண்ணாமல் இருந்தால், முற்பகலில் நிய்யத் வைத்தாலும் போதும்.

விருந்தாளி வந்தால்

நபித்தோழர் சல்மான், தம் நண்பர் அபூதர்தாவின் வீட்டுக்குப் போனார். உணவு வைத்த அபூதர்தா, தாம் நோன்பு என்று ஒதுங்கினார். நீங்கள் உண்ணாமல் நான் உண்ணமாட்டேன் என்று சல்மான் சொல்ல, அவர் நோன்பை விட்டு உடன் அமர்ந்து உண்டார். இறைவனுக்கு உள்ளதுபோல் உடலுக்கும் குடும்பத்துக்கும் உரிமை உண்டு என்று சல்மான் எடுத்துச் சொன்னார். செய்தி நபிகள் நாயகத்திடம் போனபோது, சல்மான் சொன்னது சரியே என்றார்.

விரும்பி வைத்த நோன்பை இடையில் முறிப்பதில் குற்றமில்லை என்று ஷாபி மத்ஹப் சொல்வதற்கு இத்தகைய செய்திகளே ஆதாரம். ஹனஃபி மத்ஹபில் தக்க காரணத்துக்காக முறிக்கலாம். ஆனால் அந்த நோன்பைப் பிறகு வைத்துவிட வேண்டும். களா நோன்பைக் காரணமின்றி முறிக்க எந்த மத்ஹபிலும் இடமில்லை.

நாள்தோறும் நோன்பிருக்க விரும்பிய தோழர் ஒருவரையும் நபிகள் தடுத்தார்கள். மாதம் மூன்று நாள் போதும் என்றார்கள். அவர் மேலும் வற்புறுத்தியபோது, ஒருநாள் விட்டு ஒருநாள் வைத்த தாவூது நபியின் முறையே உச்ச எல்லை என்றார்கள். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோரும், வெயிலில் குலை வெட்டுவோரும் மனத்தில் கொள்ள வேண்டிய எல்லை இது. நோயாளிக்குக் கட்டாய நோன்பிலேயே சலுகை இருக்கும்போது, விருப்ப நோன்புக்காக உடலைக் கெடுத்துக்கொள்ள மார்க்கம் சொல்லவில்லை. மருத்துவரிடம் கேட்ட பிறகே முடிவெடுக்க வேண்டும்.

முஸ்லிம் அல்லாத அண்டை வீட்டாருக்கும் இதில் தெரிந்துகொள்ள ஒன்று உண்டு. நோன்பாளியின் முன் சாப்பிடுவது தவறில்லை. தெரியாமல் தேநீர் நீட்டியதற்காகச் சங்கடப்படவும் வேண்டாம். அவர் மறுத்தால் அது நோன்புக்காக. வாங்கிக் குடித்தால் அது உங்களுக்காக. திங்களும் வியாழனும் நினைவிருந்தால், வீட்டுப் பலகாரத்தை அந்நாள்களில் மாலை ஏழரை மணிக்குக் கொண்டுபோய்க் கொடுக்கலாம். நோன்பு திறக்கும் நேரத்துக்குச் சரியாக இருக்கும்.