ஐஸ்லாந்து ரோடு டிரிப்: வட்டம் அடிக்கணுமா, போன வழியிலேயே திரும்பணுமா?

ஐஸ்லாந்துல நாமே கார் ஓட்டிட்டுப் போறதைப் பத்தி ஒரு எபிசோடு போடுங்கன்னு நிறைய மெசேஜ் வந்தது. அதுல முக்கால்வாசி ஒரே கேள்விதான்: "ஏழு நாள் லீவு இருக்கு, ரிங் ரோடை முழுசா முடிச்சிடலாமா?" இன்னைக்கு அந்த ஒரு கேள்வியை வச்சே பேசப் போறேன். எந்த கார், எந்த இன்சூரன்ஸ், எங்க தங்கறது எல்லாமே அதுக்கு நீங்க சொல்ற பதிலைப் பொறுத்துதான் மாறும்.

ரிங் ரோடுன்னா நாட்டைச் சுத்தி வர்ற ஒண்ணாம் நம்பர் சாலை. சுமார் 1,320 கிலோமீட்டர். தார் ரோட்டுல அனுமதிச்ச அதிகபட்ச வேகம் மணிக்கு 90. வகுத்துப் பார்த்தா 15 மணி நேரம்கூட வரலை. ஏழு நாளைக்குப் பிரிச்சா ஒரு நாளைக்கு ரெண்டு மணி நேரம் ஓட்டினா போதும். இந்தக் கணக்கைப் போட்டுட்டுத்தான் எல்லாரும் டிக்கெட் எடுக்கறாங்க.

என் பதிலை முதல்லயே சொல்லிடறேன். ஏழு நாளைக்கு வட்டம் வேண்டாம். ரெய்க்யவிக்ல இருந்து தெற்குக் கரையோரமா வீக், அங்கிருந்து யோகுல்சார்லோன் பனிப்பாறை ஏரி, முடிஞ்சா இன்னும் 80 கிலோமீட்டர் தள்ளி ஹொப்ன் ஊர் வரைக்கும் போயிட்டு, அதே வழியில திரும்பி வாங்க. பத்து நாளும் இருந்து, அது ஜூன், ஜூலை, ஆகஸ்டாவும் இருந்தா வட்டம் அடிங்க. குளிர்காலத்துல முதல் தடவை போறவங்களுக்குப் பத்து நாள் இருந்தாலும் என் பதில் தெற்குக் கரைதான்.

போன வழியிலேயே திரும்பறதான்னு முகம் சுளிக்காதீங்க. அதுல ஒரு பெரிய லாபம் இருக்கு. ஒவ்வொரு இடத்துக்கும் உங்களுக்கு ரெண்டு வாய்ப்பு. போகும்போது ஸ்கோகாஃபோஸ் அருவி மழையில மறைஞ்சிருந்தா, வரும்போது வெயில்ல பார்த்துக்கலாம். ஒரு நாள் புயல் அடிச்சா ஒரு இடத்தைக் குறைச்சுக்கிட்டு முன்னாடியே திரும்பிடலாம். வட்டத்துல அந்த வசதி கிடையாது. நாலாவது நாள் கிழக்குப் பக்கம் எகில்ஸ்ஸ்டாதிர்ல மாட்டிக்கிட்டீங்கன்னா, முன்னாடி போனாலும் பின்னாடி வந்தாலும் ஏர்போர்ட்டுக்குக் கிட்டத்தட்ட ஒரே தூரம். ஏழாவது நாள் ஃபிளைட். அந்த நெருக்கடியிலதான் போகக் கூடாத நேரத்துல மனுஷங்க வண்டியை எடுக்கறாங்க.

இந்த வட்டமே ரொம்பப் பழசு இல்லை. 1974 வரைக்கும் ரிங் ரோடுக்கு நடுவுல ஒரு ஓட்டை இருந்தது. தென்கிழக்குல ஸ்கெய்தாரா ஆறு பாயுற கறுப்பு மணல் சமவெளி. பனிப்பாறைக்கு அடியில எரிமலை வெடிச்சா ஒரே நாள்ல வெள்ளம் வந்து எல்லாத்தையும் அடிச்சுட்டுப் போயிடும். அதனால அங்க பாலம் கட்டவே தயங்கினாங்க. 1974ல ஒருவழியா கட்டி வட்டத்தை மூடினாங்க. 1996ல வாட்னயோகுல் பனிப்பாறைக்கு அடியில எரிமலை வெடிச்சு, நவம்பர்ல வெள்ளம் வந்து, அந்தப் பாலத்துல ஒரு பகுதியைப் பிய்ச்சு எறிஞ்சது. முறுக்கிப் போட்ட இரும்பு உத்திரங்களை இன்னைக்கும் ரோட்டோரமா நினைவுச்சின்னமா வச்சிருக்காங்க. வேடிக்கை என்னன்னா, பின்னாடி அந்த ஆறே பாதையை மாத்திக்கிட்டுப் போயிடுச்சு. இறங்கி நின்னு பாருங்க. இந்த நாட்டுல ரோடு எப்பவும் திறந்திருக்கும்னு யாரும் எழுதிக் கொடுக்கலைங்கறது அங்க நல்லாவே புரியும்.

வெள்ளம் எப்பவாவது வர்றது. காத்து தினசரி சமாசாரம்.

அங்க காத்தோட வேகத்தை மணிக்கு இத்தனை கிலோமீட்டர்னு சொல்ல மாட்டாங்க, வினாடிக்கு இத்தனை மீட்டர்னுதான் சொல்வாங்க. அதனால 20ன்னு பார்த்தா நமக்குச் சின்ன எண்ணாத் தெரியும். 3.6ஆல பெருக்குங்க: மணிக்கு 72 கிலோமீட்டர். மலையடிவாரத்துல திடீர்னு வீசற வேகம் அதைவிட ரொம்ப அதிகமா இருக்கும். காத்துக்குப் பேர்போன இடங்கள்ல ரோட்டோரமா மின் பலகையில அந்த நிமிஷத்து வேகம் ஓடிட்டே இருக்கும். என் சொந்தக் கணக்கு இது: சின்ன காருக்கு 15ஐத் தாண்டினா வேகத்தைக் குறைக்கணும், 20ஐத் தாண்டினா ஓட்டறதையே நிறுத்தணும். படுக்கை வச்ச கேம்பர் வேன்ல போறீங்கன்னா அதுக்கும் முன்னாடியே நிறுத்திடுங்க. பக்கவாட்டுக் காத்துக்கு அது ஒரு பெரிய சுவர் மாதிரி.

அதைவிட அதிகமா நடக்கற ஒண்ணு இருக்கு, கார் கதவு. நிறுத்திட்டு சாதாரணமா கதவைத் திறப்பீங்க. காத்து அதைப் பிடுங்கி முன்பக்கமா மடிச்சிடும். நான் போனது செப்டம்பர் கடைசி. வீக்ல ஒரு பார்க்கிங்ல கீல் வளைஞ்சு மூட முடியாம, கதவைக் கயித்தால கட்டி நிறுத்தியிருந்த வண்டி ஒண்ணைப் பார்த்தேன். காத்தால உடையற கதவைப் பெரும்பாலான வாடகை இன்சூரன்ஸ் சேர்த்துக்காது, முழுச் செலவும் உங்க தலையில. அதனால காத்து வர்ற பக்கம் வண்டியோட மூக்கு இருக்கற மாதிரி நிறுத்துங்க, அப்ப காத்து கதவைச் சாத்தத்தான் பார்க்கும். ஒரு கையால கதவைப் பிடிச்சுக்கிட்டே திறங்க. எதிர் எதிர்க் கதவுகளை ஒரே நேரத்துல திறக்காதீங்க.

அதே வீக்ல ஒரு ராத்திரி ஆரஞ்சு எச்சரிக்கை வந்தது. ஐஸ்லாந்து வானிலைத் துறை மஞ்சள், ஆரஞ்சு, சிவப்புன்னு மூணு நிறத்துல எச்சரிக்கை விடும். தங்கியிருந்த வீட்டுக்காரம்மா காலையில ஜன்னலைப் பார்க்கவே இல்லை, போனைத்தான் பார்த்தாங்க. "மத்தியானம் வரைக்கும் ரோடு மூடியிருக்கு, இன்னொரு காபி குடிங்க"ன்னு சொல்லிட்டு அவங்க வேலையைப் பார்க்கப் போயிட்டாங்க. பக்கத்து அறையில இருந்த ஒரு தம்பதிக்கு அன்னைக்கு ராத்திரி 250 கிலோமீட்டர் தள்ளி ரூம் புக் ஆகியிருந்தது, பணம் திரும்ப வராது. அவங்க பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை வாசலுக்குப் போய் வானத்தைப் பார்த்துட்டே இருந்தாங்க. எங்களுக்குத் திரும்பற வழிதான், அதனால ஒரு நாள் அப்படியே நழுவினது. வட்டம் வேண்டாம்னு நான் இவ்வளவு அழுத்திச் சொல்றதுக்கு அந்தக் காலைப்பொழுதும் ஒரு காரணம்.

தினமும் காலையில மூணு தளத்தைப் பாருங்க. வானிலைக்கு வெதுர் டாட் ஐஎஸ். எந்த ரோடு திறந்திருக்கு, எங்க பனி வழுக்குதுன்னு தெரிஞ்சுக்க உம்ஃபெர்தின் டாட் ஐஎஸ், அதுல ரோட்டுக் கேமராப் படங்களும் வரும். பயணிகளுக்கான எச்சரிக்கைக்கு சேஃப்டிராவல் டாட் ஐஎஸ். அவசரத்துக்கு எண் 112. மேப் ஆப் சொல்ற வழியை மட்டும் நம்பிக் கிளம்பாதீங்க. கிழக்குல ஓக்ஸின்னு ஒரு மலைப்பாதையைக் குறுக்குவழின்னு காட்டும். தூரம் குறையும், வாஸ்தவம்தான். ஆனா அது செங்குத்தான ஜல்லி ரோடு, மூடுபனியில பக்கத்துல பள்ளம் இருக்கறதே தெரியாது.

வெளிச்சத்தையும் கணக்குல எடுங்க. ஜூன் கடைசியில ரெய்க்யவிக்ல சூரியன் கிட்டத்தட்ட 21 மணி நேரம் இருக்கும். ராத்திரி பத்து மணிக்கும் அருவி பார்க்கலாம், ஆனா தூக்கம் வரலைன்னு ஓட்டிட்டே இருக்கற ஆபத்தும் உண்டு. டிசம்பர்ல பகல் நாலு மணி நேரம் சொச்சம்தான். அந்த நாலு மணி நேரத்துல ஓட்டவும் செய்யணும், பார்க்கவும் செய்யணும்.

இப்ப கார். கோடையில ரிங் ரோட்டுல மட்டும் போறதா இருந்தா சாதாரண சின்ன கார் போதும். பேர்ல 'எஃப்' எழுத்து வர்ற மலைச்சாலைகளுக்குப் போகணும்னா நாலு சக்கரமும் இழுக்கற வண்டி சட்டப்படியே கட்டாயம். அந்தச் சாலைகளைப் பொதுவா ஜூன் நடுவுலயோ ஜூலையிலயோதான் திறப்பாங்க. அங்க பல இடத்துல பாலமே இருக்காது, ஆத்துக்குள்ள இறங்கித்தான் தாண்டணும். இன்ஜின்ல தண்ணி போனா பெரும்பாலான இன்சூரன்ஸ் கை கொடுக்காது. லான்ட்மன்னலௌகர் மாதிரி இடங்களுக்குக் கோடையில பஸ் போகுது. முதல் பயணத்துல அதுல ஏறிப் போறது கௌரவக் குறைச்சல் இல்லை.

கியர் விஷயத்துல செலவைப் பார்க்காதீங்க, ஆட்டோமேட்டிக் எடுங்க. அங்க ஸ்டியரிங் இடது பக்கம், ஓட்டறது ரோட்டோட வலது பக்கம். இத்தனை வருஷம் இடது கையால கியர் போட்டுப் பழகின நமக்கு வலது கையால போடறது ஒரு வேலை. அதோட சேர்த்து ரவுண்டானாவும் வந்தா மூளை திணறிடும். ஐஸ்லாந்துல ரெண்டு லேன் ரவுண்டானாவுல உள்பக்கம் இருக்கற வண்டிக்குத்தான் வெளியேறும்போது முன்னுரிமை. வெளி லேன்ல இருக்கற நீங்கதான் வழி விடணும். இது தெரியாமப் போனா முதல் நாளே இடிப்பீங்க.

இன்சூரன்ஸ்ல ரெண்டு பேர் கண்ணுல படும். ஜல்லிக்கு ஒண்ணு, மணலும் எரிமலைச் சாம்பலும் அடிச்சா பெயிண்ட் போறதுக்கு ஒண்ணு. ஜல்லிக் காப்பீடு எந்த மாசமா இருந்தாலும் எடுங்க, எதிர்ல வர்ற வண்டி தெறிக்க விடற கல்லுக்குக் கண்ணாடி தாங்காது. மணல் காப்பீடு தெற்குக் கரைக்கு, அதுவும் காத்து அடிக்கற மாசங்களுக்கு. ஒப்பந்தத்துல எது சேராதுன்னு எழுதியிருக்கற பகுதியைக் கவுன்டர்லயே நின்னு படிங்க. வண்டியை வாங்கும்போது நாலு பக்கமும் வீடியோ எடுத்து வச்சுக்கோங்க.

ரோட்டுல பழக வேண்டியது கொஞ்சம்தான். பகல்லயும் ஹெட்லைட் எரியணும், அது சட்டம். 'எய்ன்பிரெய்த் ப்ரூ'ன்னு பலகை வந்தா ஒரு வண்டி மட்டும் போகற பாலம். முதல்ல கிட்ட வந்தவங்க போவாங்க, அடுத்தவங்க நின்னு காத்திருப்பாங்க. தார் முடிஞ்சு ஜல்லி ஆரம்பிக்கற இடத்துலதான் பல கார்கள் கவிழுது, அங்க பிரேக்கை அழுத்தாதீங்க, அதுக்கு முன்னாடியே வேகத்தைக் குறைச்சிடுங்க. கோடை முழுக்க ஆடுகள் கட்டில்லாம மேயும். ரோட்டுக்கு ஒரு பக்கம் தாய், மறுபக்கம் குட்டின்னு தெரிஞ்சா குட்டி கண்டிப்பா குறுக்கே ஓடும். போட்டோ எடுக்க ரோட்டுலயே நிறுத்தக் கூடாது. ரோட்டை விட்டு இறங்கிப் பாசி மேல டயரை ஏத்தினா பெரிய அபராதம், அந்தத் தடம் மறைய எத்தனையோ வருஷம் ஆகும். ரெய்னிஸ்ஃப்யாரா கறுப்பு மணல் கடற்கரையில எச்சரிக்கை விளக்கு இருக்கு, அதுக்குக் கீழ்ப்படிங்க. திடீர்னு நீண்டு வர்ற அலை அங்க உயிர் எடுத்திருக்கு.

பெட்ரோல் பங்க்ல பெரும்பாலும் ஆள் இருக்க மாட்டாங்க. கார்டும் அதோட நாலு இலக்க பின் நம்பரும் வேணும். பம்ப் முதல்ல ஒரு பெரிய தொகையைப் பிடிச்சு வச்சுட்டு அப்புறம்தான் விடுவிக்கும், அதனால ஃபாரெக்ஸ் கார்டை மட்டும் நம்பாதீங்க. டாங்க் பாதிக்குக் கீழே இறங்க விடாதீங்க, முக்கியமா கிழக்குலயும் வடக்குலயும். வட்டம் போறவங்களுக்கு இன்னொண்ணு: அகுரேரி பக்கத்துல ஒரு சுங்கச் சுரங்கப்பாதை இருக்கு. பூத் கிடையாது, கேமரா நம்பர் பிளேட்டைப் படிக்கும். ஆன்லைன்ல கட்டாம விட்டா வாடகைக் கம்பெனி தன் கட்டணத்தையும் சேர்த்து வசூலிக்கும்.

காகித வேலை சிக்கலில்லை. ஐஸ்லாந்து ஐரோப்பிய யூனியன்ல இல்லை, ஆனா ஷெங்கன்ல இருக்கு, ஷெங்கன் விசா போதும். ஆங்கிலத்துல இருக்கற நம்ம கார்டு லைசென்ஸோட, ஆர்டிஓல கொடுக்கற சர்வதேச ஓட்டுநர் அனுமதியையும் வாங்கி வச்சுக்கோங்க, ஒரு வருஷம் செல்லும். கார் கொடுக்க பொதுவா 20 வயசு கேட்பாங்க, பெரிய வண்டிகளுக்கு அதைவிட அதிகம். டெபாசிட்டுக்கு ஓட்டறவர் பேர்லயே கிரெடிட் கார்டு வேணும்.

ரூம் புக் பண்ணும்போது கொஞ்சம் விலை கூடினாலும் ரத்து பண்ணக்கூடியதா எடுங்க. கடைசி ராத்திரி மட்டும் ரெய்க்யவிக்லயோ கெப்லவிக்லயோ கண்டிப்பா இருக்கட்டும். ஏர்போர்ட் இருக்கற ரெய்க்யனஸ் தீபகற்பத்துல 2021ல இருந்து திரும்பத் திரும்ப எரிமலை வெடிக்குது. 2023 நவம்பர்ல கிரின்டவிக் ஊரையே காலி பண்ணினாங்க. அந்தப் பக்கத்து ரோடுகள் எப்ப மூடும், எப்ப திறக்கும்னு அன்னைக்குக் காலையிலதான் தெரியும். முன்னாடி சொன்ன அதே தளங்கள்ல பார்த்துட்டு ஏர்போர்ட்டுக்குக் கிளம்புங்க.