போக 10 மணி, வர 12 மணி

டோக்கியோவில் ஞாயிறு மாலை 5 மணிக்கு விமானம் ஏறினால், லாஸ் ஏஞ்சலஸில் இறங்கும்போது அதே ஞாயிறு காலை 10 மணி. கிளம்பும் முன்பே போய்ச் சேர்ந்துவிட்ட கதை! இது சர்வதேசத் தேதிக்கோடு செய்யும் வேடிக்கை. குளிர்காலத்தில் இரு ஊர்களுக்கும் 17 மணி நேர வித்தியாசம், அவ்வளவுதான்.

உண்மையான புதிர், திரும்பி வரும்போது இருக்கிறது. அதே சுமார் 8,800 கி.மீ. தூரம், அதே விமானம். போக ஏறக்குறைய 10 மணி நேரம். வர 12 மணியை நெருங்கிவிடுகிறது.

பூமி கிழக்கு நோக்கிச் சுழல்வதால்தானோ? அப்படியென்றால் கிழக்கே போகிற விமானம் விலகி ஓடும் ஊரைத் துரத்தியல்லவா பறக்க வேண்டும்? நடப்பதோ நேர்மாறு. காற்று மண்டலமும் பூமியோடு சேர்ந்தே சுழல்வதால் இந்த வாதம் எடுபடாது.

வித்தியாசத்துக்குக் காரணம் ஜெட் ஸ்ட்ரீம். சுமார் 10 கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஓடும் காற்றாறு. வெப்பமண்டலத்துக்கும் துருவத்துக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாடும், பூமியின் சுழற்சியும் சேர்ந்து உருவாக்குவது. (சுழற்சிக்கும் பங்குண்டு, நாம் நினைத்த வழியில் அல்ல.) குளிர்காலத்தில் ஜப்பானுக்கு மேலே இது மணிக்கு 300 கி.மீ. வேகத்தையும் தாண்டும்.

இதை முதலில் அளந்தவர் ஜப்பானிய வானிலை ஆய்வாளர் வசாபுரோ ஓய்ஷி. 1920-களில் டடேனோ ஆய்வுக்கூடத்திலிருந்து பலூன்களைப் பறக்கவிட்டுக் கண்டறிந்தார். உலகத்துக்கே புரியட்டும் என்று 1926-ல் அறிக்கையை எஸ்பெராண்டோ என்ற செயற்கைப் பொதுமொழியில் வெளியிட்டார். உலகம் அதைப் படிக்கவே இல்லை! 1944-ல் ஜப்பான் மீது குண்டு வீச வந்த அமெரிக்க பி-29 விமானங்கள் இந்தக் காற்றில் சிக்கிக் குறி தவறின. 1952 நவம்பரில் பான் ஆம் நிறுவனத்தின் விமானம் ஒன்று வேண்டுமென்றே இதில் ஏறிக்கொண்டு, 18 மணி நேர டோக்கியோ - ஹொனலூலு பயணத்தைப் பதினொன்றரை மணி நேரத்தில் முடித்தது.

இன்றும் கிழக்கே போகிறவர்கள் இந்தக் காற்றைத் தேடிப் போகிறார்கள். மேற்கே திரும்புகிறவர்கள் கூடியவரை ஒதுங்கி, பல நாட்களில் வடக்கே அலூசியன் தீவுகளை ஒட்டிப் பறக்கிறார்கள். விமானத் திரையில் பாதை வில்லாக வளைந்திருப்பதற்குக் காற்று மட்டும் காரணமல்ல. உருண்டைப் பூமியில் குறுக்குவழியே அப்படித்தான் வளையும்.

போகும்போது மிச்சமானது வரும்போது செலவாகிறது, கணக்கு நேராகிவிடும் என்று தோன்றலாம். ஆகாது. விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ., காற்றின் வேகம் 100 என்று வைத்துக்கொள்வோம். போக 8 மணி 48 நிமிடம், வர 11 மணி. மொத்தம் 19 மணி 48 நிமிடம். காற்றே இல்லாவிட்டால் 19 மணி 33 நிமிடம்தான். எதிர்க்காற்றில் அதிக நேரம் பறக்க வேண்டியிருப்பதால், 15 நிமிடம் எப்படியும் நஷ்டம்.